ஞாயிற்றுக்கிழமை முறை

புலி பார்க்கப் போகிறவர்கள் வெள்ளைச் சட்டை போடக்கூடாது. பச்சை, காக்கி, மண் நிறம், இதில் ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி, வேனில் வரவிருந்த பதினோரு பேருக்கும் ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டிருந்தேன். செண்ட் அடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், மேட்டுப்பாளையம் தாண்டினால் பிடுங்கிக்கொள்வார்கள். நீலகிரிக்கான இ-பாஸை நானே எடுத்துவிட்டேன். இப்படி மொத்தம் ஒன்பது குறிப்புகள். என் கையில் ஒரு காரியத்தைக் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். இந்த மூன்று நாள் விசாரணையில் இன்ஸ்பெக்டர் மேடமும் அதைக் கவனித்திருப்பீர்கள். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதும் அதனால்தான். ஏட்டய்யா எழுதினால் பிழை வரும், பிறகு நான் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

என் பெயர் கலைவாணன். வயது அறுபத்திரண்டு. அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தேன். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று நான் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஓய்வு பெற்றதும் நானும் என் மனைவி கிருஷ்ணம்மாளும் பெரம்பலூரில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பாடாலூரிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டரில் எங்கள் பூர்வீக நிலம் இருக்கிறது. நாலரை ஏக்கர். பாதி எனக்கு, பாதி என் தம்பி ராஜவேலுக்கு.

நடுவில் கிணறு. கிணறு ஒன்று, மோட்டார் இரண்டு. திங்கள், புதன், சனி என் முறை. செவ்வாய், வியாழன், ஞாயிறு அவன் முறை. வெள்ளிக்கிழமை கிணற்றை ஊற விட்டுவிடுவோம். எங்கள் பக்கம் பங்குக் கிணறுகள் எல்லாவற்றிலும் இப்படித்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், அண்ணன் தம்பிக்குச் சொல்லவா வேண்டும்.

நான் வேலையில் இருந்த வரைக்கும் ஏழு நாளும் அவனே இறைத்துக்கொண்டான். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஓய்வு பெற்று வந்து என் பாதியில் சின்ன வெங்காயம் நட்டபோதுதான் முறையைக் கேட்டேன். சரிண்ணே என்றான். ஆனால் என் முறை நாளில் போய்ப் பார்த்தால் அவன் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால் சிரிப்பான். "ஆட்டோல கெடந்துருக்கும்ண்ணே. கரண்டு வந்ததும் அதுவா ஓடிருச்சு" என்பான். த்ரீ பேஸ் கரண்ட் எந்த நேரம் வந்தாலும் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும்படி விட்டு வைப்பதைத்தான் ஆட்டோ என்கிறோம். கரண்டுக்குக் காவல் காக்க முடியாதவர்கள் எல்லோரும் அப்படிச் செய்வதுதான். ஆனால் ஒருவனுக்கு மட்டும் அடுத்தவன் முறையில் மட்டும் அது நடந்தால் அதற்கு வேறு பெயர்.

இரண்டு போகம் என் வெங்காயம் காய்ந்தது. இரண்டாவது போகத்தில் குன்றிமணி அளவுக்குத்தான் விளைந்தது. பாடாலூர் டீக்கடையில் அதற்கு வாத்தியார் வெங்காயம் என்று பேர் வைத்தார்கள். நான் வாத்தியாரே இல்லை. அந்தப் பேரை வைத்தது ராஜவேல்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனால் அதற்காக இதைச் செய்யவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நான் ஆத்திரக்காரன் அல்ல. அவன் போர் லாரிக்குச் சொல்லிவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் யோசிக்கவே ஆரம்பித்தேன். கிணற்றிலிருந்து நாற்பதடியில், அவன் பங்கில், எண்ணூறு அடி ஆழத்துக்கு. எண்ணூறு அடியில் குழாயை இறக்கினால் பக்கத்துக் கிணறு என்ன ஆகும் என்று எங்கள் பக்கம் பிறந்த எவனும் சொல்வான். ஆறு மாதத்தில் கிணற்றுக்குள் ஆடு மேயும். தேதி வைத்தது புதன்கிழமை. அது என் முறை நாள் என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன்.

நேரில் போய்ப் பேசினேன். நிதானமாகத்தான் பேசினேன். அவன் என் தோளில் கை போட்டு, "போர் தண்ணி வந்துட்டா கெணத்த நீங்களே முழுசா வெச்சுக்குங்கண்ணே. முறையும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றான். பக்கத்தில் அவன் மனைவி சண்முகப்பிரியா நின்றிருந்தாள். "ஆமா மாமா, நான்தான் அவர்ட்ட சொன்னேன். அண்ணன் தம்பிக்குள்ள இந்தச் சண்டையே வேணாம்" என்றாள். காய்ந்த கிணற்றை முழுசாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவள் நல்ல எண்ணத்தில் சொன்னதாகக் கிருஷ்ணம்மாள் இன்றுவரை சொல்கிறாள். இருக்கலாம்.

இனி கம்பி. போன வருடம் காட்டுப்பன்றி மக்காச்சோளத்தைச் சாய்த்தபோது ராஜவேல் தன் வாய்க்கால் ஓரமாகக் கம்பி கட்டினான். கரண்ட் கொடுப்பதாகத்தான் இருந்தான். பிரியா சண்டை போட்டு நிறுத்திவிட்டாள். "பன்னிக்கி வெச்சு மனுசன் செத்தா யார் பதில் சொல்றது" என்று கேட்டாளாம். அதிலிருந்து கம்பி சும்மாதான் கிடந்தது. மடை திறக்கும் இடத்தில் சேறு வழுக்கும், அதனால் வாய்க்காலைத் தாண்டும்போது அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாண்டுவது அவர்கள் வழக்கமாகிவிட்டது. நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் மோட்டார் கொட்டகையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை, கிணறு ஊறும் நாளில், யாரும் இல்லாத நேரத்தில் நான் போனேன். என்ன செய்தேன் என்பதை உங்கள் மின் ஆய்வாளர் படம் போட்டே எழுதியிருக்கிறார், திரும்ப எழுதவில்லை. சுருக்கமாக, அவன் மோட்டார் ஓடினால் கம்பிக்கும் உயிர் வரும். ஓடாவிட்டால் அது கொடிக்கம்பி. சனிக்கிழமை அவன் மோட்டார் ஓடாது, அன்று என் முறை, அவன் ஆட்டோ சுவிட்சையும் நானே அணைத்துவிட்டு வந்தேன். அந்த வாரம் எங்கள் லைனில் காலை ஒன்பது மணிக்குத்தான் த்ரீ பேஸ். ஆடு மாடு, அக்கம்பக்கத்தார் யாருக்கும் ஒன்றும் நேரக்கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

டூர் தேதியை சனி, ஞாயிறு என்று வைத்ததும் யோசித்துத்தான். நான் முன்பு நாலு முறை முதுமலை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொந்தக்காரர்களைச் சேர்த்து வேன் பிடித்துப் போவேன், ஒவ்வொரு முறையும் ராஜவேலையும் கூப்பிடுவேன். "ஞாயித்துக்கெழம முறை இருக்குண்ணே" என்பான். கல்யாணம் ஆகிப் பதினேழு வருடத்தில் முறையை விட்டுவிட்டு அவன் எங்கும் போனதில்லை. இந்தத் தடவையும் கூப்பிட்டேன். அதையே சொன்னான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் பெரம்பலூரில் கிளம்பினோம். வேன் ஓட்டியது லப்பைக்குடிக்காடு கவுஸ். பத்து வருடமாக எனக்கு அவர்தான் வண்டி ஓட்டுகிறார். பாடாலூர் வரும்போது கிருஷ்ணம்மாள் முன்னால் எட்டி, "கவுஸ் தம்பி, டீக்கடைட்ட கொஞ்சம் ஓரங்கட்டுங்க" என்றாள். யார் ஏறப்போகிறார்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டீக்கடை வாசலில் ராஜவேல் நின்றிருந்தான். தோளில் ஒரு பை. கையைப் பிடித்துக்கொண்டு அவன் மகள் அனுசுயா. நாலாம் வகுப்புப் படிக்கிறாள். இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை.

"என்னண்ணே இப்புடி முழிக்கிறீங்க? நான் வரக்கூடாதா?" என்றான்.

"முறை?" என்றேன்.

"பிரியா பாத்துக்கிறேன்னுட்டா. பாப்பா புலி புலின்னு உசுர வாங்குது, ஒரு தடவையாச்சும் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்கன்னு அவதான் தொரத்திவுட்டா. அண்ணியும் அவளும் ஒரு வாரமா பேசி வெச்சிருக்காளுவோ. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதாம்."

வேனில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஆச்சரியம் கொடுக்க ஏற்பாடாம். முறையை ஆண்கள் பேசுகிறார்கள், ஆனால் முறை மாற்றிக்கொள்வது எப்போதும் பெண்கள்தான். உடம்பு சரியில்லை, காது குத்து, தாய்வீட்டுக்குப் போகணும் என்று அவர்களுக்குள் பேசி மாற்றிக்கொள்வார்கள், நாங்கள் போய் மடையைத் திறப்போம். நாற்பது வருடமாக இதைப் பார்த்திருந்தும் நான் கணக்கில் எடுக்கவில்லை. இந்தக் காரியத்தில் நான் செய்த ஒரே பிழை அதுதான்.

அனுசுயா ஜன்னல் ஓரம் வேண்டுமென்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேன் கிளம்பியது.

நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள், அங்கேயே இறங்கியிருக்கலாமே என்று. இறங்கியிருக்கலாம். நாலு கிலோமீட்டர்தான். ஆனால் என்ன சொல்லி இறங்குவது? பதிமூன்று பேர் இருக்கும் வேனை நிறுத்தி, வயலுக்குப் போய்ட்டு வருகிறேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ராஜவேல் கூடவே வருவான். கம்பியைப் பார்ப்பான். பார்த்தால் அவனுக்குப் புரியும், அவன் முட்டாள் இல்லை. சரி, வழியில் யோசிக்கலாம், இருபத்தேழு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

திருச்சி தாண்டும் வரை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தேன். அனுசுயா, "பெரியப்பா, ஒங்களுக்கு வேன்ல வாந்தி வருமா?" என்று கேட்டு, அவள் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரியா கொடுத்தனுப்பியது. கரூர் வரை அதை முகர்ந்துகொண்டே வந்தேன்.

கரூரில் டீ குடித்தபோதுதான் மனது ஒரு நிலைக்கு வந்தது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் மண்ணில் புதுக் காரியம் தொடங்க மாட்டார்கள். வாசக்கால் வைக்க மாட்டார்கள், பூமி பூஜை போட மாட்டார்கள். எங்கள் பெரியப்பா இறந்தபோது பாதிக் கட்டின வீட்டை அப்படியே ஒரு வருடம் விட்டு வைத்தார்கள். அந்த வீட்டில் யார் போனாலும் புதன்கிழமை போர் லாரி வராது. இதை நான் திட்டமிட்டு நினைக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது தானாக வந்தது. எலுமிச்சம்பழத்தை அனுசுயாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மேலும் எல்லாம் என் கையில் இல்லை என்பதையும் யோசித்துப் பார்த்தேன். மழை பெய்தால் அவள் தண்ணீர் பாய்ச்சப் போகமாட்டாள். கரண்ட் சொன்ன நேரத்துக்கு வராமல் போகலாம். அவளுக்குக் காய்ச்சல் வரலாம். கம்பியைப் பிடிக்காமலே தாண்டலாம், அவள் ராஜவேலைப் போல் கனமான ஆள் இல்லை. அவளுக்கு எவ்வளவோ வழிகள் இருந்தன. மேட்டுப்பாளையத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நம்ம பக்கமும் மழை இருக்குமா என்று நானே கவுஸிடம் கேட்டேன்.

"அங்கிட்டு எங்கங்க மழ. வெயிலு மண்டையப் பொளக்குது" என்றார்.

அன்று ராத்தங்கலுக்குக் கூடலூரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தேன். ஏழு மணி வாக்கில் அனுசுயா அவள் அப்பா போனில் வீடியோ கால் போட்டாள். ஊட்டியில் வாங்கின குல்லாவைக் காட்டினாள். பிரியா அடுப்படியில் நின்று பேசினாள். மாமாவிடம் கொடு என்று கேட்டாள். போனை வாங்கினேன்.

"சொட்டர் போட்டுக்கிட்டீங்களா மாமா? அக்கா சொன்னாலும் கேக்க மாட்டீங்களே" என்றாள். போட்டிருக்கிறேன் என்று தோளைக் காட்டினேன். பிறகு, "மாமா, ஒண்ணு கேக்கணும். எங்க பக்கம் மடைகிட்ட ஒரே சேறு. நாளைக்கி ஒரு நாளு ஒங்க வெங்காயத்து வரப்பு வழியா சுத்திப் போயி மடைய மாத்திக்கட்டுமா?" என்றாள்.

அப்போது மணி ஏழு பத்து. மேடம் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, உன் மேல் சந்தேகமும் வந்திருக்காதே என்றீர்கள். நியாயமான கேள்வி. நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். என் வரப்பு அரை அடிதான். நட்டு பன்னிரண்டு நாள் ஆன வெங்காயம், இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறது. மண்வெட்டியோடு ஒரு ஆள் நடந்தால் இரண்டு பக்கமும் மிதிபடும். ஏற்கனவே இரண்டு போகம் போயிற்று.

"வெங்காயம் மிதிபட்டுரும்மா. ஒங்க பக்கமே போயிக்க" என்றேன்.

"சரிங்க மாமா" என்றாள். கோபமெல்லாம் இல்லை. அவள் கோபப்படும் ஆள் இல்லை.

அன்று நன்றாகத் தூங்கினேன் என்று கிருஷ்ணம்மாள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். மலைக் குளிருக்கு யாருக்கும் தூக்கம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெப்பக்காட்டில் வரிசையில் நின்று, எட்டு மணி வண்டியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. வனத்துறையின் பச்சை வேன். அனுசுயாவுக்கு என் சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்திவிட்டேன், அந்த வெள்ளைச் சட்டை தெரியாமலிருக்க. ஓட்டுநர் ஆண்டவர் என்று பெயர் சொன்னார், இருபது வருடமாகக் காட்டுக்குள் ஓட்டுகிறாராம். சத்தம் போடாதீங்க, கையை வெளியே நீட்டாதீங்க என்று என் ஒன்பது குறிப்புகளில் பாதியை அவரும் சொன்னார்.

முதல் அரை மணி நேரம் மயில்கள், ஒரு காட்டெருமை, தூரத்தில் இரண்டு யானைகள். நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு இருபது. எட்டு இருபத்தெட்டு. இந்நேரம் அவள் வீட்டைப் பூட்டியிருப்பாள். ஒன்பதுக்குக் கரண்ட் வருவதற்குள் கொட்டகைக்குப் போய் சுவிட்சை ஏற்றிவிட வேண்டும். பிறகு தண்ணீர் வாய்க்காலில் ஓடிவரக் கால் மணி நேரம். அதன் பிறகுதான் மடைக்குப் போவாள். ராஜவேல் முன் சீட்டில் உட்கார்ந்து மான்களை எண்ணிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வரை எண்ணிவிட்டான்.

திடீரென்று ஒரு புள்ளிமான் கத்தியது. குரைப்பதைப் போல, ஒற்றைச் சத்தம். ஆண்டவர் எஞ்சினை நிறுத்தினார். மறுபடியும் கத்தியது. மேய்ந்துகொண்டிருந்த மந்தை முழுவதும் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்த்தது.

"புலி இருக்குங்க. ஆள் வருதுன்னு சொல்லுது" என்றார் ஆண்டவர், மெல்லிய குரலில்.

அனுசுயா என் காதோரமாகக் கேட்காமல் நேராக அவரிடமே கேட்டாள். "அது கத்துனா அது எங்க நிக்கிதுன்னு புலிக்குத் தெரிஞ்சிருமே மாமா?"

"தெரியுந்தான் பாப்பா. ஆனா மத்த மானெல்லாம் பொழச்சிக்கும்ல."

நல்ல கேள்வி என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். ஆய்வகத்தில் கூட அப்படிக் கேட்கும் பிள்ளைகள் குறைவு. என் சட்டைப்பையில் போன் இருந்தது. அதன் கனம் தெரிந்துகொண்டே இருந்தது.

பிறகு மந்தை சிதறி ஓடியது. மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து புலி வெளியே வந்தது. நாலு முறை வந்தும் பார்க்காத புலி. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண் பாதையின் குறுக்கே, வேலை முடித்து வீட்டுக்குப் போகிற ஆளைப் போல நிதானமாக நடந்து போயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேடம். இதை மறைக்க வேண்டியதில்லை. அவ்வளவு அழகு. அனுசுயா என் போனைப் பிடுங்கி மூன்று படம் எடுத்தாள். ஒன்று மட்டும் ஆடாமல் வந்திருந்தது.

"அம்மாவுக்கு அனுப்புங்க பெரியப்பா" என்றாள்.

"காட்டுக்குள்ள சிக்னல் இருக்காதுடா. அப்பறம் அனுப்பலாம்" என்றேன்.

பத்து மணிக்குப் பிறகு தெப்பக்காட்டுக்குத் திரும்பி, இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். பத்து இருபதுக்கு என் போன் அடித்தது. பக்கத்து வயல் பெரியசாமி. அழுதுகொண்டே பேசினார். "அய்யா, ராசவேலு போனு எடுக்க மாட்டேங்குதுங்க. பிரியா வாய்க்கால்ல விழுந்து கெடக்குதுங்க. கூப்புட்டாலும் எந்திரிக்கல. நான் தூக்கிப் பாக்கட்டுங்களா" என்றார்.

"தொடாதீங்க. மொதல்ல மோட்டார நிறுத்துங்க. அது வரைக்கும் யாரும் கிட்ட போகாதீங்க" என்றேன்.

நான் அப்படிச் சொல்லாவிட்டால் பெரியசாமியும் போயிருப்பார். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். குற்றப்பத்திரிகை எழுதும்போது இதையும் எங்காவது ஒரு வரி சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

கவுஸ் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினார். ராஜவேல் கடைசி சீட்டில் தலையில் அடித்துக்கொண்டே வந்தான். "நான் கட்டுன கம்பிண்ணே. வேணான்னு சொன்னாளே. அவ சொன்னத கேட்டு அன்னைக்கே அத அறுத்து எறிஞ்சிருந்தா" என்று அதையே சொன்னான். மோட்டார் கொட்டகையில் வயர் உரசிக் கம்பியில் பட்டிருக்கும் என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். ஊரும் அதைத்தான் சொன்னது. முதலில் நீங்களும் அவன் மேல்தான் கவனக்குறைவு என்று வழக்குப் போட்டீர்கள். பதினோரு நாள் அவனை என் தோளில் சாய்த்து ஆறுதல் சொன்னேன். விதிடா என்றேன். காரியச் செலவு, பந்தல், ஐயர், எல்லாம் நானே முன்னால் நின்று பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாதபடி நடத்தினேன். புதன்கிழமை போர் லாரிக்காரனுக்கும் நானே போன் செய்து, வர வேண்டாம் என்று சொன்னேன்.

கிருஷ்ணம்மாள் உங்களிடம் வந்தது காரியத்தன்று பெரியசாமியோடு பேசிய பிறகு. "என்னாச்சுன்னே எனக்குத் தெரியலீங்க, மயக்கம்னு நெனச்சேன். வாத்தியாரய்யாதான் எங்கியோ இருந்துக்கிட்டு கரண்டுன்னு சரியா சொல்லி என் உசுரக் காப்பாத்துனாரு" என்று நன்றியோடு சொல்லியிருக்கிறார். அவள் அன்று மாலை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஒங்களுக்கு எப்புடிங்க தெரிஞ்சிச்சு?" முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவள். நான் பதில் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. முறையை மாற்றிவிட்டது தானல்லவா என்று அவளுக்கு ஒரு குற்ற உணர்ச்சி. அதனால்தான் வந்தாள். என் மேல் அவளுக்கு வெறுப்பு இருக்காது.

ஆக, ராஜவேலைக் கொல்லத்தான் அதைச் செய்தேன். அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பிரியாவை நான் கொல்லவில்லை. அவள் நடுவில் வந்து மாட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை எச்சரிக்க எனக்கு எந்த வழியும் இல்லை, காட்டுக்குள் சிக்னல் கிடையாது. இதை உங்களிடமும் சொன்னேன், ராஜவேலிடமும் சொன்னேன். அடக்கம் முடிந்த அன்று அனுசுயா என் மடியில் வந்து உட்கார்ந்து, "அம்மா புலியப் பாத்தாங்களா பெரியப்பா?" என்று கேட்டபோதும், "இல்லடா, போகல, சிக்னல் இல்ல" என்றுதான் சொன்னேன்.

நேற்று நீங்கள் என் போனை மேசை மேல் வைத்துத் திருப்பிக் காட்டினீர்கள். அதனால் அதையும் எழுதிவிடுகிறேன், வாக்குமூலம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும். புலி போன பிறகு வண்டி ஒரு மேட்டில் ஏறியது. அங்கே ஒரு கோடு, இரண்டு கோடு சிக்னல் வந்தது. பேசும் அளவுக்கு இருந்திருக்காது. படம் போகும் அளவுக்குத்தான் இருந்தது. பிள்ளை ஆசைப்பட்டாளே என்று அனுப்பினேன். எட்டு ஐம்பத்திரண்டு. உடனே இரண்டு டிக்கும் நீலமாகின. அவள் பதில் எழுதினாள்: "சூப்பர் மாமா. பாப்பா பயந்தாளா? மோட்டார ஆட்டோல போட்டுட்டேன். கரண்டு வந்ததும் மடை மாத்திட்டு வந்து பேசுறேன்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே ஆன்லைன் என்று காட்டியது. எட்டு ஐம்பத்து நாலுக்கு நான், "சரிம்மா" என்று அனுப்பினேன்.